மேட்ச் பிரைமரா, சாதா பிரைமரா? .308 ரீலோடிங்கில் எப்போது மாற்றுவது?

குறிமுள்

எல்லோருக்கும் வணக்கம். .308 வின்செஸ்டர் போல்ட் ரைஃபிளுக்கு ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட பித்தளைக் கேஸில் புதுப் பிரைமர் (பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு போட்டு நானே தோட்டா செய்கிறேன். 175 கிரெயின் (குண்டு, பவுடர் எடைக்கான அலகு) மேட்ச் குண்டு, அதாவது போட்டித் தரக் குண்டு, வார்கெட் பவுடர், சிசிஐ 200 பிரைமர். 100 கஜத்தில் குழு (குண்டுகள் இலக்கில் விழும் கூட்டம்) அழகாக விழுகிறது. 600 தாண்டினால் பக்கவாட்டில் சிதறல் இல்லை, மேலும் கீழுமாகத்தான் விலகுகிறது. சிசிஐ பிஆர்-2 அல்லது ஃபெடரல் 210எம் மேட்ச் பிரைமர் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். மாற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்: சாதா பிரைமருக்கும் மேட்ச் பிரைமருக்கும் உள்ளே என்னதான் வித்தியாசம்? என் சிக்கலுக்கு அது மருந்தா?

கிரெயின்தராசு

100 கஜத்தில் சரி, தூரத்தில் செங்குத்துச் சிதறல் என்றால் முதலில் வேகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். 175 கிரெயின் குண்டு நொடிக்கு 2600 அடியில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 அடி வேகம் கூடினாலும் குறைந்தாலும் 100 கஜத்தில் விழும் இடம் 0.02 அங்குலம்தான் மாறும், கண்ணுக்கே தெரியாது. அதே 10 அடி 600 கஜத்தில் சுமார் 1 அங்குலம், 1000 கஜத்தில் சுமார் 3 அங்குலம். ஆகவே 100 கஜக் குழுவை வைத்துப் பிரைமரை எடைபோடவே முடியாது. குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் வேண்டும்.

அடுத்தது, அந்த வேக வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது. .308 அளவுள்ள கேஸில் 0.1 கிரெயின் பவுடர் கூடினால் நொடிக்கு ஐந்தாறு அடி கூடும். உங்கள் தராசு 0.1 கிரெயின் கூட்டியோ குறைத்தோ காட்டக்கூடியது என்றால், திரையில் ஒரே எண் வந்தாலும் இரண்டு தோட்டாக்களுக்கு இடையே 0.2 கிரெயின் வரை வேறுபாடு ஒளிந்திருக்கலாம். அதிலேயே பத்துப் பன்னிரண்டு அடி போய்விட்டது. பிரைமரை மாற்றி அதைத் துடைக்க முடியாது.

அதனால் என் கணக்கில் வரிசை இப்படி: பவுடர் எடை, கேஸ் கழுத்தின் பிடிப்பு, பிரைமரை உட்கார வைக்கும் விதம், அதற்குப் பிறகுதான் பிரைமர் எந்த வகை என்பது. முதல் மூன்றும் ஒழுங்காக இருந்தால் மேட்ச் பிரைமர் கொஞ்சம் கொடுக்கும். இல்லையென்றால் எதுவும் கொடுக்காது.

நெடுந்தொலைவு

கிரெயின்தராசு அண்ணன் சொன்ன வரிசையில் எனக்குச் சண்டை இல்லை. "எதுவும் கொடுக்காது" என்பதில்தான் மறுப்பு.

உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரைமர் என்றால் நான்கு பொருள்: உலோகக் கப், அடியில் தீப்பொறிக் கலவை, அதன்மேல் ஒரு தாள், மூன்று கால் ஆன்வில் (கலவை நசுங்க எதிரே நிற்கும் சிறு உலோகத் துண்டு). ரைஃபிளின் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) கப்பை உள்ளே நசுக்கும்போது கலவை கப்புக்கும் ஆன்விலுக்கும் நடுவே மாட்டி வெடிக்கிறது. அந்தத் தீ கேஸின் தீத்துளை வழியாகப் பவுடருக்குள் போகிறது. கலவையின் அளவு, அது பரவியிருக்கும் சமம், ஆன்வில் நிற்கும் உயரம் ஆகிய மூன்றும் பிரைமருக்குப் பிரைமர் மாறினால் தீயும் மாறும். மேட்ச் வகையில் இவற்றுக்கான கட்டுப்பாடும் பரிசோதனையும் கூடுதல். தீ வலுவானது என்று அர்த்தம் இல்லை, ஒரே மாதிரியானது என்றுதான் அர்த்தம். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வலுவான தீ வேண்டும் என்றால் அதற்கு மேக்னம் பிரைமர் தனியாக இருக்கிறது: சிசிஐ 250, ஃபெடரல் 215. ஃபெடரல் 215எம் மேக்னமும் மேட்சும் சேர்ந்தது.

இன்னொன்று. சிறிய ரைஃபிள் பிரைமரில் சிசிஐ 400-க்கும் பிஆர்-4-க்கும் வித்தியாசம் பரிசோதனை மட்டும் இல்லை. 400-இன் கப் தடிமன் சுமார் 0.020 அங்குலம், பிஆர்-4-இல் சுமார் 0.025. அழுத்தம் கூடிய லோடில் (பவுடர், குண்டு, பிரைமர் சேர்க்கையில்) 400 துளைபடும் இடத்தில் பிஆர்-4 தாங்கும். அங்கே மேட்ச் பிரைமருக்கு மாறுவதற்குத் துல்லியம் காரணமே இல்லை, கப்தான் காரணம். உங்கள் .308 பெரிய பிரைமர் கேஸ் என்றால் இது உங்களைத் தொடாது.

குறிமுள்

நன்றி. பெரிய பிரைமர் கேஸ்தான். அப்படியானால் நேரடியாகக் கேட்கிறேன்: சிசிஐ 200-இல் பத்து, பிஆர்-2-வில் பத்து சுட்டுப் பார்த்து, எஸ்டி 12-க்கு 8 என்று வந்தால் பிஆர்-2 வென்றது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கிரெயின்தராசு

கூடாது. ரீலோடிங்கில் அதிகம் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்டி என்பது வேகங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு. பத்துக் குண்டில் நீங்கள் பார்ப்பது ஒரு மதிப்பீடு மட்டுமே. பத்துக் குண்டில் எஸ்டி 10 என்று வந்தால், அந்த லோடின் உண்மையான எஸ்டி ஏறத்தாழ 7-இலிருந்து 18 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் (95 சதவீத உறுதியில்). ஐந்து குண்டு என்றால் 6-இலிருந்து 29 வரை. முப்பது சுட்டால்தான் 8-க்கும் 13-க்கும் நடுவே வந்து நிற்கும்.

பத்துக்குப் பத்து ஒப்பிடும்போது ஒரு எஸ்டி மற்றதைப்போல இரண்டு மடங்கு இருந்தால்தான் "இது தற்செயல் இல்லை" என்று சொல்லலாம். இருபதுக்கு இருபது என்றால் 1.6 மடங்கு, முப்பதுக்கு முப்பது என்றால் 1.45 மடங்கு. உங்கள் 12-க்கு 8 என்பது 1.5 மடங்கு. அதே பெட்டி சிசிஐ 200-ஐ இரண்டு பத்தாகப் பிரித்துச் சுட்டாலே இந்த வித்தியாசம் வரக்கூடும்.

இஎஸ், அதாவது உச்ச வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளி, இதைவிட மோசம். குண்டு கூடக்கூட அது வளர்ந்துகொண்டே போகும். ஐந்து குண்டு இஎஸ்ஸையும் இருபது குண்டு இஎஸ்ஸையும் பக்கத்தில் வைக்கவே கூடாது.

சோதனை செய்யும் முறை: ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) கேஸ், ஒரே எண்ணிக்கை தடவை சுட்டவை, ஒரே நாளில் கழுத்து அளவெடுத்தவை. பவுடரை 0.02 கிரெயின் வரை காட்டும் தராசில் போடுங்கள். தோட்டாக்களை ஏ, பி என்று குறியிட்டு மாற்றி மாற்றிச் சுடுங்கள்: ஒரு ஏ, ஒரு பி, ஒரு ஏ, ஒரு பி. முதல் இருபதும் ஏ, பின் இருபதும் பி என்று சுட்டால் பேரல் சூடும் கரியும் முழுக்க பி-யின் தலையில் விழும். சூடான சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் இடத்தில்) தோட்டாவை ஊறவிடாதீர்கள், ஏற்றிய சில நொடிகளில் சுட்டுவிடுங்கள். பவுடர் சூடேறினால் வேகம் ஏறும்.

பேரலில் கட்டும் வகை க்ரோனோகிராஃப் என்றால் வேகத்தை மட்டும் அதில் எடுங்கள். அந்த எடை பேரலின் அதிர்வை மாற்றும், குழுவை அன்று பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பித்தளைக்கூடு

வரிசையில் மூன்றாவதாகச் சொன்ன பிரைமர் உட்காரும் விதம் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. என்னைக் கேட்டால் மேட்ச் பிரைமர் வாங்கும் எண்ணம் வரும் முன் ஒருவர் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

பிரைமரைக் குழியில் தள்ளும்போது முதலில் ஆன்விலின் கால்கள் குழியின் அடியைத் தொடும். அங்கே நிறுத்திவிட்டால் போதாது. இன்னும் 0.002 முதல் 0.004 அங்குலம் அழுத்தினால்தான் ஆன்வில் கப்புக்குள் ஏறிக் கலவையோடு இறுக்கமாக நிற்கும். இது நடக்காவிட்டால் ஃபயரிங் பின் அடிக்கும் விசையில் ஒரு பகுதி பிரைமரை முன்னால் தள்ளுவதிலேயே வீணாகும். "முதல் அடியில் சுடவில்லை, இரண்டாவது அடியில் சுட்டது" என்று புலம்பல் வருகிறதே, அதில் பெரும்பாலும் பிரைமர் கெட்டது இல்லை. முதல் அடி பிரைமரை உட்கார வைத்தது, இரண்டாவது அடி பற்ற வைத்தது. சுடாமல் போகும் அளவுக்கு இல்லாமல் பாதி மட்டும் இப்படி இருந்தால் தோட்டா சுடும், ஆனால் வேகம் ஆடும்.

அளவு பார்ப்பது எளிது. கேஸ் அடிப்பரப்பிலிருந்து பிரைமர் முகம் 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். காலிப்பரின் ஆழக்கம்பியில் ஓரளவுக்குத் தெரியும், டெப்த் மைக்ரோமீட்டர் இருந்தால் நிச்சயமாகத் தெரியும். விரலை வைத்துத் தடவினால் விளிம்பில் மெல்லிய படி இறங்குவது தட்டுப்பட வேண்டும். மேடாகத் தட்டினால் அந்தத் தோட்டாவை ரைஃபிளில் ஏற்றவே கூடாது.

எல்லாக் கேஸிலும் ஒரே ஆழம் வர வேண்டுமானால் குழிகள் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். பெரிய ரைஃபிள் பிரைமர் குழிக்கு அனுமதிக்கப்பட்ட ஆழம் 0.125 முதல் 0.132 அங்குலம். 0.007 அங்குலம் இடைவெளி! நீங்கள் அழுத்த வேண்டிய 0.002–0.004-ஐ விட அது அதிகம். சாதாரணக் கேஸ் என்றால் யூனிஃபார்மர் வெட்டியைக் கைத்துரப்பணத்தில் மாட்டி ஒரு தடவை அடியைச் சமப்படுத்திவிடுங்கள். வெட்டியின் தோள் கேஸ் அடியில் முட்டி நிற்கும், அதற்கு மேல் வெட்டாது. மூலைகளில் மட்டும் பித்தளை மின்னி நடுவில் கருப்பாகவே இருந்தால் அந்தக் குழி அடியில் வளைந்திருந்தது என்று பொருள். அடி முழுக்க மின்னும்வரை சுற்றுங்கள். லபுவா மாதிரி நல்ல கேஸில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் தேவை இருக்காது.

ராணுவக் கேஸ் என்றால் பிரைமரைச் சுற்றி ஒரு வளையம் நசுக்கியிருப்பார்கள். அதை ஸ்வேஜ் செய்தோ (அழுத்தி விரித்தோ) ரீமர் போட்டோ (சீவியோ) எடுக்காமல் புதுப் பிரைமரைத் தள்ளினால் கப் ஒரு பக்கம் சீவிக்கொண்டு சாய்ந்து உட்காரும். அதற்குப் பிறகு அது மேட்ச் பிரைமராக இருந்தால் என்ன, சாதாவாக இருந்தால் என்ன.

கருவியில், ரீலோடிங் பிரஸ்ஸின் நீண்ட நெம்புகோல் கைக்கு உணர்வைத் தராது. கையில் பிடிக்கும் பிரைமிங் கருவியோ, மேசைக் கருவியோ நல்லது. கால் அடியைத் தொடும் அந்த மெல்லிய "டக்" கையில் தெரியும், அதன் பிறகு ஒரு சிறு அழுத்தம். எந்த எதிர்ப்பும் இல்லாமல் விரலாலேயே தள்ளும் அளவு வழுக்கிக்கொண்டு போனால் குழி விரிந்துவிட்டது, அந்தக் கேஸைக் குப்பையில் போடுங்கள். கண்ணாடி போடாமல் பிரைமரைத் தொடவே வேண்டாம். பவுடரும் குண்டும் போட்ட பிறகு பிரைமர் மேடாக இருப்பது தெரிந்தால் திரும்ப அழுத்தக்கூடாது. குண்டையும் பவுடரையும் எடுத்துவிட்டுத்தான் மற்றது.

குறிமுள்

பித்தளைக்கூடு சார், இதை நான் அளந்து பார்த்ததே இல்லை. இன்று முதல் வேலை அதுதான். ரைஃபிள் பக்கம் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

பித்தளைக்கூடு

உண்டு தம்பி. போல்ட்டைக் கழற்றி ஃபயரிங் பின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பழைய கெட்டிக் கிரீஸ் உள்ளே இருந்தால் அடி மெதுவாகும், குளிரில் இன்னும் மெதுவாகும். கரைப்பானில் கழுவி உலரவிட்டு, மெல்லிய எண்ணெய்த் தடவல் போதும். ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் மாற்றுங்கள். பின் முனை போல்ட் முகத்திலிருந்து வெளியே நீட்டும் அளவு பெரும்பாலான ரைஃபிளில் 0.050–0.060 அங்குலம் இருக்கும். சுட்ட பிரைமர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள்: குழிவு ஒன்றுக்கொன்று ஒரே ஆழத்தில், நடுவில் விழுந்திருக்க வேண்டும். ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம் என்றால் பிரைமர் பெட்டியைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

நெடுந்தொலைவு

பிரைமரையும் பவுடரையும் ஜோடி சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. வார்கெட், ஹெச்4350 போன்ற குச்சிப் பவுடர்கள் எளிதில் பற்றும், கேஸ் நிறைய நிரம்பும், அவற்றுக்குச் சாதாவோ மேட்ச்சோ போதும். ஹெச்414, வின்செஸ்டர் 760, ஹெச்380 போன்ற உருண்டைப் பவுடர்களின் மேல்பூச்சு தீயைத் தடுக்கும், அங்கே மேக்னம் பிரைமர் பெரும்பாலும் எஸ்டியைக் குறைக்கும். வின்செஸ்டரின் பெரிய ரைஃபிள் பிரைமரைச் சாதா, மேக்னம் இரண்டு லோடுக்குமே என்று விற்கிறார்கள். கேஸ் பாதிதான் நிரம்புகிறது என்றால் பவுடர் முன்னால் கிடக்கிறதா பின்னால் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தே வேகம் மாறும். அதைப் பிரைமர் தீர்க்காது, பவுடரை மாற்ற வேண்டும்.

குறிமுள் லோடில் மேக்னத்துக்கு வேலை இல்லை.

கூர்முனை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 6.5 கிரீட்மூர் ரைஃபிளுக்குச் சிறிய பிரைமர் போடும் லபுவா கேஸ் வாங்க நினைக்கிறேன். எஸ்டி குறையும் என்கிறார்கள். எந்தப் பிரைமர்?

நெடுந்தொலைவு

சிறிய பிரைமர் கேஸின் பெரிய லாபம் ஆயுள். அடிப்பகுதியில் பித்தளை கூடுதலாக இருப்பதால் குழி சீக்கிரம் விரியாது. எஸ்டி குறைவதும் உண்டு, ஆனால் எல்லா ரைஃபிளிலும் இல்லை.

மூன்று எச்சரிக்கை. அந்தக் கேஸின் தீத்துளை சுமார் 0.059 அங்குலம், வழக்கமானது 0.080. உங்கள் டீகேப்பிங் கம்பி (பழைய பிரைமரைத் தள்ளி எடுப்பது) வழக்கமான தடிமன் என்றால் கம்பி மாட்டிக்கொள்ளும் அல்லது துளையைக் கிழிக்கும், மெல்லிய கம்பி தனியாக வாங்குங்கள். இரண்டாவது, நாற்பது கிரெயினுக்கு மேல் பவுடரைச் சிறிய பிரைமர் பற்றவைக்கிறது என்பதை மறக்காதீர்கள். உறைகுளிரில் சுடும் ஆள் என்றால் சிசிஐ 450 போன்ற மேக்னம் சிறிய பிரைமர் போடுங்கள். ஃபெடரல் 205எம், சிசிஐ பிஆர்-4 ஆகிய மேட்ச் பிரைமர் இரண்டும் மிதமான வெப்பநிலையில் நன்றாக இருக்கும். மூன்றாவது, உங்கள் போல்ட் முகத்தின் பின் துளை. பெரிய பிரைமரை நினைத்துத் துளையிட்ட போல்ட்டில் பின்னைச் சுற்றி இடைவெளி கூடுதலாக இருக்கும். சிறிய பிரைமரின் கப் அந்த இடைவெளிக்குள் பிதுங்கி வட்ட மேடு விழும், அழுத்தம் கூடினால் ஒரு சின்ன வட்டத் தகடாகவே கத்தரித்துக்கொண்டு போல்ட்டுக்குள் போய்விடும். அந்தத் தகடுகள் உள்ளே சேர்ந்தால் பின்னின் ஓட்டம் தடுமாறி அடி குறையும். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துத் துளைக்குப் புஷ் (சிறு உலோக உறை) போட்டுச் சிறிய பின் பொருத்துவதே தீர்வு.

கூர்முனை

அப்படியே தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஏஆர்-15 ரைஃபிளுக்கும் 205எம் வைத்துக்கொள்ளலாமா? ஒரே வகையை மொத்தமாக வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பித்தளைக்கூடு

வேண்டாம். ஏஆர்-15-இல் ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்திலேயே பின் முன்னால் வந்து பிரைமரைத் தட்டும். சுடாத தோட்டாவை வெளியே எடுத்துப் பாருங்கள், ஊசி நுனி அளவு பள்ளம் தெரியும். ஃபெடரல் பிரைமர் லேசான அடிக்கே பற்றும் என்று பெயர் பெற்றது, போல்ட் ரைஃபிளில் அது நல்ல குணம், இங்கே ஆபத்து. அதோடு பிரைமர் மேடாகவும் இருந்துவிட்டால் டிரிக்கரைத் தொடாமலே வெடிக்கக்கூடும். எம்1 கேரண்ட், எம்1ஏ ரைஃபிள்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை. இவற்றுக்குச் சிசிஐ 41 (சிறியது), 34 (பெரியது) என்று ராணுவ அளவுகோலில் வருகின்றன, அவற்றைப் போடுங்கள். ஏஆருக்கு என்றே ஃபெடரல் தனியாக ஒரு மேட்ச் பிரைமரும் செய்கிறது, 205எம்ஏஆர் என்று பெட்டியில் இருக்கும்.

ரெமிங்டன் 6½ பிரைமர் கையில் இருந்தால் .223-க்குப் போடாதீர்கள், அதைக் கம்பெனியே வேண்டாம் என்கிறது. அந்த அழுத்தத்துக்கு 7½ தான்.

கிரெயின்தராசு

பிரைமரை மாற்றும் எல்லோருக்கும் ஒன்று: பிரைமர் மாறினால் அது புது லோடு. உச்ச அளவுக்குக் கிட்ட இருக்கும் லோடில் பிரைமரை மட்டும் மாற்றி அப்படியே சுடாதீர்கள், சாதாவிலிருந்து மேக்னத்துக்கு என்றால் நிச்சயமாகக் கூடாது. பத்து சதவீதம் குறைத்து, கையேட்டின் தொடக்க அளவுக்குக் கீழே போகாமல், படிப்படியாக ஏறுங்கள். போல்ட் தூக்கக் கடினமா, கேஸ் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் முள்) தடம் மின்னுகிறதா, பிரைமரின் ஓர வளைவு மறைந்து தட்டையாகிவிட்டதா, க்ரோனோகிராஃப் கையேட்டின் உச்ச வேகத்தைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொரு படியிலும் பாருங்கள். ஒரு பிரைமர் துளைபட்டாலும் அன்றைய சோதனை முடிந்தது. அந்த வாயு பின் முனையை அரிக்கும், போல்ட் வழியாக முகத்துக்கும் வரும்.

பிரைமர் முகத்தை மட்டும் நம்பி அழுத்தத்தைச் சொல்லாதீர்கள். மென்மையான கப் சாதாரண லோடிலேயே தட்டையாகும், தடித்த கப் அபாய லோடிலும் வட்டமாகவே நிற்கும்.

குறிமுள்

அளந்துவிட்டேன். பத்துக் கேஸில் பிரைமர் ஆழம் 0.001-இலிருந்து 0.006 வரை இருக்கிறது. ராணுவக் கேஸ்களும் கலந்திருக்கின்றன.

பித்தளைக்கூடு

அப்படியென்றால் 210எம் பெட்டியை இப்போது வாங்காதீர்கள். கேஸ்களை அடி முத்திரைப்படி பிரியுங்கள், ராணுவக் கேஸை ஒதுக்குங்கள், மீதிக்கு யூனிஃபார்மர் போடுங்கள், கைக்கருவியில் 0.004-க்கு உட்கார வையுங்கள். இருக்கும் சிசிஐ 200-ஐ வைத்தே இருபது சுட்டு எஸ்டி எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு பிஆர்-2-வையும் 210எம்-ஐயும் நூறு நூறு வாங்கி, கிரெயின்தராசு சொன்னபடி மாற்றி மாற்றிச் சுடுங்கள்.

நெடுந்தொலைவு

எது தேறுகிறதோ அதில் ஒரே லாட் எண்ணாகப் பார்த்து மொத்தமாக எடுங்கள். லாட் எண் நூறு நூறாக வரும் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சாகியிருக்கும். போட்டித் தோட்டாவில் இரண்டு லாட்டைக் கலக்காதீர்கள். புது லாட் திறந்ததும் பத்துச் சுட்டுச் சராசரி வேகம் பழையதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், எஸ்டியைவிடச் சராசரிதான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். கம்பெனிப் பெட்டியிலேயே உலர்ந்த, சூடேறாத இடத்தில் வையுங்கள். ஒரு டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விடுங்கள். தட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி கொடுத்து அடுக்குவது ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்காமல் இருக்கத்தான்.